வாயிலும் வரிசையும்: இல்லத்துத் திசைவியை நெறிப்படுத்தும் முறை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 15ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அந்நாளில் ஒரு தொலைபேசிக் கம்பி, ஒரு மோடம், ஒரு கணிப்பொறி என்பதே இணைய இணைப்பின் முழு வடிவம். வீட்டில் ஒருவர் இணையத்தில் இருக்கும் வரை அத்தொலைபேசி பிறருக்குப் பயன்படாது. ஆகவே 'யாருக்கு முதலிடம்' என்னும் வினா வீட்டுப் பெரியவரின் வாய்ச்சொல்லால் அங்கேயே தீர்க்கப்பெற்றது.

இன்று ஒளியிழைக் கம்பி ஒன்று இல்லத்துள் நுழைகிறது. அதன் முனையில் நான்கைந்து கைப்பேசிகள், ஒரு மடிக்கணிப்பொறி, தொலைக்காட்சி, தெருவாயிலைக் கண்காணிக்கும் கேமரா ஆகியவை ஒரே நேரத்தில் காத்து நிற்கின்றன. மாலை ஏழு மணிக்கு மகள் இணையவழித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். கடல் கடந்து பணிபுரியும் மகன் அன்னையுடன் பேச அழைக்கிறான். அந்நேரம் பார்த்து, திருமணத்தில் எடுத்த ஐந்நூறு நிழற்படங்களை ஒரு கைப்பேசி தானாகவே வெளியே அனுப்பத் தொடங்குகிறது. பேச்சு அறுந்து அறுந்து வருகிறது; தேர்வுப் பக்கம் திறவாமல் சுழன்றுகொண்டே நிற்கிறது. இவ்விடத்து யார் முதலில் செல்வது என்று தீர்ப்பவர் பெரியவர் அல்லர். சுவரோரத்தில் விளக்குகள் மின்ன இருக்கும் ஒரு சிறு பெட்டியே.

அப்பெட்டியை ரவுட்டர் என்று வழங்குகிறோம். கணித்தமிழில் அதற்குத் திசைவி என்று பெயர். அது செய்யும் பணிகளுள் ஈண்டு நாம் எடுத்துக்கொள்வன இரண்டு. வெளியிலிருந்து வருவனவற்றுள் எதற்குக் கதவைத் திறப்பது என்று முடிவு செய்தல் ஒன்று; போக்குவரத்தை எவ்வரிசையில் விடுவது என்று முடிவு செய்தல் மற்றொன்று. தொழிற்சாலையில் அமைத்தபடியே விட்டுவிட்டால், திசைவி முதற்பணியைப் பெரும்பாலும் நன்றாகவும் இரண்டாம் பணியைப் பெரும்பாலும் குறைவாகவும் செய்கிறது. அமைப்பில் கை வைப்போரோ பலவேளைகளில் இதற்கு மாறாக நடந்துகொள்கின்றனர். திறக்க வேண்டாத வாயிலைத் திறந்துவிடுகின்றனர். ஒழுங்குபடுத்த வேண்டிய வரிசையைத் தொடாமலே விட்டுவிடுகின்றனர். இவ்விரண்டின் இயல்பையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குறிப்பேடும் வாயில் எண்ணும்

இணையத்தில் இயங்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வேண்டும். நான்காம் பதிப்பு முகவரி எனப்படும் பழைய முறை 32 இரும இலக்கங்களால் ஆனது. அதில் அமையக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி மட்டுமே. உலக மக்கள்தொகைக்கே இது போதாது என்பது வெளிப்படை. 2011ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், உலகப் பொதுவிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகளும் பகிர்ந்தளிக்கப்பெற்றுத் தீர்ந்தன. இப்பஞ்சம் வருமென்பதை முன்னரே உணர்ந்தோர் 1994இல் ஓர் உபாயத்தை வகுத்தனர். வீட்டுக்கு ஒரே ஒரு வெளிமுகவரி. உள்ளே இருக்கும் கருவிகளுக்கெல்லாம் உள்வழக்கு முகவரிகள் என்பதே அவ்வுபாயம். நம் வீட்டுக் கருவிகளில் 192.168 என்று தொடங்கும் எண்களைக் காண்கிறோமே, அவை இதற்கென ஒதுக்கப்பெற்ற உள்வழக்கு முகவரிகளேயாம். அண்டை வீட்டிலும் அதே எண் இருக்கலாம், குழப்பம் நேராது.

ஒரே வெளிமுகவரிக்கு வந்து சேரும் விடைகளை எந்தக் கருவிக்கு உரியதென்று திசைவி எவ்வாறு அறிகிறது? அதற்காக அது ஒரு குறிப்பேட்டைப் பேணுகிறது. கைப்பேசி ஒன்று வெளியே ஒரு வினாவை அனுப்பும்போது, அதனுடன் ஓர் எண்ணையும் இணைக்கிறது. திசைவி அவ்வெண்ணைக் கருவியின் உள்முகவரியோடு சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. விடை வரும்போது குறிப்பேட்டைப் புரட்டி உரியவரிடம் சேர்க்கிறது. கேளாமல் வந்த பொதியாயின் குறிப்பேட்டில் அதற்கு வரவு இராது, ஆகவே கைவிடப்படுகிறது. இம்முறை காவலுக்காகத் தோன்றியதன்று, முகவரிப் பஞ்சத்தைப் போக்கத் தோன்றியது. ஆயினும் காவலும் அதனோடு சேர்ந்து கிடைத்தது.

அவ்வெண்ணுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் 'போர்ட்'. இதனைத் தமிழாக்கியோருள் சிலர் 'துறை' என்றனர். கலம் வந்து அடையும் துறைமுகத்தை நினைந்தனர் போலும். அழகிய சொல்தான். ஆனால் நீராடுந்துறையும் அகத்துறையும் புறத்துறையும் அரசுத்துறையும் தமிழ்த்துறையும் ஏற்கெனவே நிறைந்துள்ள மொழியில், அதிலும் தமிழ்த்துறை வெளியிடும் மலரில், 'துறையைத் திற' என்று எழுதினால் படிப்போர் மயங்குவர். செய்யும் தொழிலை நோக்கினும் இது கதவைப் போன்றதே. எனவே 'வாயில்' என்னும் சொல்லையே நாம் இங்கு ஆள்கிறோம். திசைவியின் அமைப்புப் பக்கத்தில் மட்டும் 'போர்ட்' என்றே இருக்கும் என்பதை நினைவிற்கொள்க.

வாயில் எண்கள் 0 முதல் 65,535 வரை அமையும். அவற்றுள் 1023 வரையுள்ளவை உலகறிந்த பணிகளுக்கு உரியவை. வலைப்பக்கங்களுக்கு 80, மறையீடு செய்யப்பெற்ற வலைப்பக்கங்களுக்கு 443, அஞ்சலுக்கு 25, பெயரை முகவரியாக்கும் பணிக்கு 53 என வழங்குவது மரபு. இவ்வெண்களின் பதிவேட்டைப் பல்லாண்டுகள் பொறுமையுடன் பேணியவர், 1998இல் மறைந்த ஜான் போஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர்.

வாயிலைத் திறத்தல்

வெளியிலிருந்து ஒருவர் தாமாக வந்து நம் வீட்டுக் கருவியை அடைய வேண்டிய தேவை சில வேளைகளில் எழுகிறது. கேமராப் பதிவுகளை வெளியூரிலிருந்து காண்பது, வீட்டிலுள்ள கோப்புச் சேமிப்பகத்தைக் கல்லூரியிலிருந்து திறப்பது, மாணவர் ஒருவர் தாம் அமைத்த வலைத்தளத்தைத் தம் கணிப்பொறியிலிருந்தே பிறருக்குக் காட்டுவது போன்றவை எடுத்துக்காட்டுகள். இவற்றுக்குக் குறிப்பேட்டில் நாமே நிலையான வரவு ஒன்றை எழுதி வைக்கிறோம். திசைவியின் பக்கத்தில் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்றோ 'வர்ச்சுவல் சர்வர்' என்றோ குறிக்கப்பெறுவது இதுவே.

முதலில், அக்கருவியின் உள்முகவரி மாறாதிருக்குமாறு செய்தல் வேண்டும். திசைவி முகவரிகளை வாடகைக்கு விடுவதுபோல் விடுகிறது. மின்சாரம் போய் வந்தால் 192.168.1.20 வேறொரு கருவிக்குச் சென்றுவிடக்கூடும். அப்போது நாம் திறந்த வாயில் தொடர்பற்ற கருவியிடம் போய் முடியும். 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்னும் பகுதியில் கருவியின் வன்பொருள் முகவரியைக் காட்டி அவ்வெண்ணை அதற்கே ஒதுக்கிவிட்டால் இவ்விடர் இல்லை. பின்னர் வெளிவாயில் எண், உள்முகவரி, உள்வாயில் எண், போக்குவரத்து முறை ஆகிய நான்கையும் நிரப்புதல் வேண்டும். வெளிவாயிலும் உள்வாயிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. போக்குவரத்து முறை டி.சி.பி., யு.டி.பி. என இருவகைப்படும்; மென்பொருளின் குறிப்பேடு எதைக் கேட்கிறதோ அதை மட்டும் தருக. இரண்டையும் சேர்த்துத் திறந்து வைப்பது சோம்பலேயன்றி வேறில்லை. சோதிக்கும்போது வீட்டு வைஃபையிலிருந்து சோதித்தல் ஆகாது. தன் வீட்டு வெளிமுகவரியைத் தானே உள்ளிருந்து அழைப்பதைப் பல திசைவிகள் ஏற்பதில்லை. கைப்பேசியின் சொந்த இணைப்பில் நின்று சோதிப்பதே முறை.

இத்தனையும் சரியாகச் செய்தும் வாயில் திறவாத வீடுகள் மிகப் பல. பொருத்த வந்தவரையும் திசைவியையும் மாறி மாறிக் குறைகூறுவோர் ஒன்றை நோக்குவதில்லை. முகவரிப் பஞ்சத்தால், இணைய வழங்குநர்களும் பல வீடுகளுக்கு ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்தளிக்கின்றனர். அந்நிலையில் நம் வாயிலுக்கு அப்பால், நம் ஆட்சிக்கு உட்படாத இன்னொரு வாயில் இருக்கிறது. இதைக் கண்டறிவது எளிது. திசைவி தன் நிலைப்பக்கத்தில் காட்டும் வெளிமுகவரியையும், 'என் முகவரி யாது' என்று காட்டும் வலைத்தளம் கூறும் முகவரியையும் ஒப்பிடுக. இரண்டும் வேறாயின், அல்லது திசைவி காட்டுவது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்குமாயின், அது பகிர்ந்த முகவரி. அவ்வெண் வரிசை 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பெற்றது. வழங்குநரிடம் தனிமுகவரி கேட்டுப் பெறுதல் ஒரு வழி. 128 இரும இலக்கங்களைக் கொண்ட ஆறாம் பதிப்பு முகவரியைப் பயன்படுத்துதல் மற்றொரு வழி. அதில் ஒவ்வொரு கருவிக்கும் தனி வெளிமுகவரியே கிடைப்பதால் வழிமாற்றம் தேவைப்படாது; திசைவியின் தீச்சுவரில் அக்கருவிக்குரிய வாயிலுக்கு மட்டும் இசைவு தந்தால் போதும்.

திறந்த வாயிலின் மறுபக்கம்

வாயிலைத் திறப்பது எளிது என்பதனால் அதனைத் திறக்கலாம் என்று கொள்ளுதல் கூடாது. 2013ஆம் ஆண்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 'ஸீமேப்' என்னும் மென்பொருளை வெளியிட்டனர். ஒரே கணிப்பொறியைக் கொண்டு, உலகின் நான்காம் பதிப்பு முகவரிகள் அனைத்தின் ஒரு வாயிலை 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று அவர்கள் மெய்ப்பித்தனர். 'நம் வீட்டை யார் தேடி வரப்போகிறார்கள்' என்னும் சொல்லுக்கு இதற்குப் பின் பொருளில்லை. எவரும் நம்மைத் தேடுவதில்லை என்பது உண்மையே. எல்லா வீட்டுக் கதவையும் வரிசையாகத் தட்டிச் செல்கிறார்கள்.

அவ்வாறு தட்டியதன் விளைவை 2016இல் உலகம் கண்டது. 'மிராய்' என்னும் தீநிரல், வீடுகளிலுள்ள கேமராக்களையும் திசைவிகளையும் பதிவுக் கருவிகளையும் தேடி 23ஆம் வாயிலைத் தட்டியது. தொழிற்சாலையில் இடப்பெற்ற பயனர் பெயர், கடவுச்சொல் இணைகள் அறுபதைச் சற்றே கடந்தனவே அதன் கையிலிருந்த திறவுகோல்கள். பெரிய அறிவுநுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. மாற்றப்படாத கடவுச்சொற்கள் அத்தனை இருந்தன. அவ்வாறு அடிமைப்பட்ட கருவிகள் பல 2016 அக்டோபர் 21ஆம் நாள் 'டைன்' என்னும் நிறுவனத்தின் மீது ஏவப்பெற்றன. அதனால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலான தளங்களைப் பல மணிநேரம் அமெரிக்க மக்கள் பலரால் அடைய இயலவில்லை. திருடனைப் பார்க்க வைத்த கேமராவே திருடனுக்கு ஏவலாளாயிற்று.

எனவே கேமராவின் வாயிலைப் பொதுவெளிக்குத் திறந்து வைக்கும் வழக்கத்தை நாம் ஏற்பதில்லை. 23ஐ 2399 என்று மாற்றி வைப்பதும் காவலாகாது. தட்டுவோருக்கு எல்லா எண்களும் ஒன்றே. ஒரே ஒரு வாயிலைத் திறந்து, அங்கே மறைகுறியீட்டுச் சுரங்கவழி ஒன்றை அமைத்து, அதன் வழியே வீட்டினுள் வந்து கேமராவைக் காண்பதே நல்வழி. 'வயர்கார்ட்' என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்கு ஏற்றது, பெரும்பாலும் யு.டி.பி. 51820ஆம் வாயிலில் அமைப்பர். உரிய திறவுகோல் இல்லாதவர் தட்டினால் அது மறுமொழியே தருவதில்லை. தட்டியவருக்கு அங்கே வாயில் உண்டா என்பதே தெரியாது.

இன்னும் இரண்டு செய்திகள். 'டி.எம்.இசட்.' என்னும் பெட்டியில் ஒரு கருவியின் முகவரியை இட்டால், உரியவரில்லாத பொதிகள் அனைத்தும் அக்கருவிக்கே செல்லும். வீட்டின் ஓரறைக்குச் சுவரையே எடுத்துவிட்டதற்கு ஒப்பானது. 'யு.பி.என்.பி.' என்பது, வீட்டிலுள்ள எந்தக் கருவியும் நம்மைக் கேளாமலே தனக்கு வாயிலைத் திறந்துகொள்ளும் ஏற்பாடு. விளையாட்டுக் கருவிகளுக்கு இது வசதியானது. ஆயினும் தேவையில்லாத வீட்டில் அணைத்து வைத்தலே தக்கது.

வரிசையை ஒழுங்குபடுத்தல்

முன்னுரிமை அமைப்பினால் இணைப்பின் வேகம் கூடும் என்று கருதுவோர் உளர். அது கூடாது. உள்ளதை எவ்வாறு பகிர்வது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும். அவ்வாறாயின் பயன் யாதெனில், அதனைக் காத்திருப்பின் கணக்கில் காண வேண்டும்.

அஞ்சலகத்தில் ஒரே சாளரம். இருநூறு பொதிகளோடு ஒருவர் முன்னே நிற்கிறார். ஒரே ஓர் அஞ்சல்தலை வாங்க வந்தவர் பின்னே நிற்கிறார். அஞ்சல்தலைக்கு ஆகும் நேரம் சில விநாடிகளே. ஆனால் அவர் அரை நாள் நிற்க வேண்டும். வீட்டுத் திசைவியில் நிகழ்வதும் இதுவே. இணைப்பின் பதிவேற்ற வேகம் விநாடிக்கு 10 மெகாபிட் என்று கொள்வோம். 1500 பைட்டு அளவுள்ள ஒரு பொதி வெளியேற 1.2 மில்லி விநாடி ஆகும். நிழற்படங்களை அனுப்பும் கைப்பேசி, திசைவியின் தேக்கத்தில் 1000 பொதிகளை நிரப்பிவிட்டால், அடுத்து வரும் பொதி 1200 மில்லி விநாடி, அதாவது ஒரு விநாடிக்கு மேல் காத்திருக்கும். ஒருவர் பேசியது மற்றவரை அடைய 150 மில்லி விநாடிக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இத்தனைக்கும் ஒரு குரல் அழைப்புக்கு வேண்டுவது விநாடிக்கு 100 கிலோபிட்டு அளவே. அதாவது அக்கம்பியின் கொள்ளளவில் நூற்றில் ஒரு பங்கு. அன்னையும் மகனும் பேச இடமில்லாமற் போகவில்லை. முறை வரவில்லை, அவ்வளவே.

இந்நோயைக் கண்டறிந்து பெயரிட்டவர் ஜிம் கெட்டிஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர். 2010இல் தம் வீட்டு இணைப்பிலேயே தாமதத்தை அளந்து பார்த்து, தேக்கங்கள் அளவுக்கு மீறிப் பருத்திருப்பதே காரணம் என்று காட்டினார். நினைவகம் மலிவானபோது, பொதி எதுவும் இழக்கப்படலாகாது என்று கருதிய உற்பத்தியாளர்கள் தேக்கங்களைப் பெரிதாக்கினர். ஆனால் அனுப்பும் கணிப்பொறி, பொதி இழக்கப்படுவதைக் கண்டே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் இயல்புடையது. இழப்பே இல்லையெனில் அது தேக்கம் நிரம்பும் வரை அனுப்பிக்கொண்டே இருக்கும். இழப்பைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடே தாமதத்தை வளர்த்தது. 2012இல் கேத்லீன் நிக்கோல்சும் வான் ஜேக்கப்சனும் இதற்கு மருந்து கண்டனர். வரிசை எவ்வளவு நீளம் என்று பாராமல், ஒரு பொதி எவ்வளவு நேரம் நின்றது என்று பார். 5 மில்லி விநாடிக்கு மேற்பட்ட காத்திருப்பு நீடிக்குமாயின் சில பொதிகளைக் கைவிட்டு அனுப்புவோர்க்கு உணர்த்து என்பதே அம்முறை. பின்னர் இதனோடு, ஒவ்வோர் உரையாடலுக்கும் தனித்தனி வரிசை அமைத்து முறைவைத்து விடும் ஏற்பாடும் சேர்ந்தது. அப்போது அஞ்சல்தலை வாங்க வந்தவர் எவர் தயவுமின்றித் தாமே முன்னே வந்துவிடுகிறார். 'ஸ்மார்ட் க்யூ', 'எஸ்.கியூ.எம்.', 'கேக்' என்னும் பெயர்களில் ஒன்று திசைவியின் பக்கத்தில் இருக்குமாயின் அதனையே தேர்க. தனியே முன்னுரிமைப் பட்டியல் எழுதும் தேவை பெரும்பாலும் எழாது.

ஆனால் ஒரு நுட்பம் அறியற்பாலது. வரிசை எங்கே உருவாகிறதோ அங்கேதான் அதனை ஒழுங்குபடுத்த இயலும். திசைவியிலிருந்து மோடத்துக்குச் செல்லும் வழி அகலமானது. அதற்கு அப்பாற்பட்ட வழியே குறுகியது. ஆகவே நெரிசல், நம் ஆட்சிக்கு உட்படாத இடத்தில் நேர்கிறது. அதனை நம் வாயிலுக்குள் இழுத்துக்கொள்ள, வேகத்துக்கு நாமே ஒரு வரம்பு இடுதல் வேண்டும். வீட்டில் எவரும் பயன்படுத்தாத வேளையில், கம்பி வழியே இணைத்த கணிப்பொறியில், வெவ்வேறு நாழிகைகளில் வேகத்தை அளந்து, அதில் நூற்றுக்கு 85 முதல் 95 வரையிலான பங்கை இரு திசைக்கும் வரம்பாக எழுதுக. சிறிதளவு வேகத்தைத் தானே துறப்பதா என்று பலர் தயங்குவர். அவ்வாறு தயங்கி, அந்தக் கட்டத்தில் வழங்குநர் விளம்பரத்தில் கூறிய எண்ணை அப்படியே எழுதிவிடுவர். அவ்வமைப்பினால் யாதொரு பயனும் விளையாது.

பழைய வகைத் திசைவியில் முன்னுரிமைப் பட்டியல் மட்டுமே இருக்கும். வாயில் எண்ணைக் கொண்டு முன்னுரிமை வகுப்பது முன்னாளில் பொருந்தியது. இன்று திரைப்படமும் வகுப்பும் வங்கியும் ஒரே 443ஆம் வாயிலில் மறையீட்டுடன் செல்கின்றன. திசைவியால் அவற்றைப் பிரித்தறிதல் அரிது. எனவே கருவியைக் கொண்டு வகுப்பதே ஏற்றது: தேர்வு எழுதும் மடிக்கணிப்பொறிக்கு முதலிடம், தொலைக்காட்சிக்கு இடைநிலை, நிழற்படங்களைச் சேமிக்க அனுப்பும் கருவிக்குக் கடைநிலை. எல்லாக் கருவிகளுக்கும் முதலிடம் தந்தால் எதற்கும் தந்ததாகாது. பொதியின் தலைப்பில் முன்னுரிமைக் குறி பொறிக்கும் முறை 1998இல் வகுக்கப்பெற்று, குரலுக்கு 46 என்னும் குறி வழங்குகிறது. ஆயினும் நம் எல்லையைக் கடந்தபின் வழங்குநர்கள் அதனைப் பெரும்பாலும் மதிப்பதில்லை. வைஃபையின் 'டபிள்யூ.எம்.எம்.' என்னும் அமைப்பை மட்டும் அணைத்தல் ஆகாது; அணைத்தால் புதிய வைஃபைக் கருவிகளும் 54 மெகாபிட் என்னும் பழைய வேகத்துக்கே இறங்கிவிடும்.

வரிசையை ஒழுங்குபடுத்தும் வேலை திசைவியின் செயலிக்குச் சுமை. விரைவுக்கென அமைந்த வன்பொருள் குறுக்குவழியைப் பல திசைவிகள் அவ்வேளையில் கைவிடுகின்றன. விநாடிக்கு 300 மெகாபிட் பெறும் வீட்டில், விலை குறைந்த திசைவி ஒன்று அதனால் பாதியாகத் தளர்ந்துவிடக்கூடும். ஆகவே அமைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து பார்த்தல் வேண்டும். அளவுகோல் எளியது. கணிப்பொறியில் 'பிங்' என்னும் கட்டளையால் 8.8.8.8 என்னும் முகவரியைத் தொடர்ந்து அழைத்து, விடை வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று வீடு ஓய்ந்திருக்கும் வேளையில் குறித்துக்கொள்க. பின் பெரிய கோப்பு ஒன்றை வெளியே அனுப்பிக்கொண்டே அதனை மீண்டும் காண்க. 20 என்றிருந்தது 30 ஆனால் கவலையில்லை. 20 என்றிருந்தது 600 ஆகுமாயின் வரம்பை இன்னும் சற்றுக் குறைத்து, மீண்டும் அளந்து பார்க்க வேண்டும். கோப்பை அனுப்பாத வேளையிலும் அவ்வெண் நிலையின்றித் தாவுமாயின், குறை பெரும்பாலும் வைஃபையில் இருக்கும். தேர்வு நாளன்று மடிக்கணிப்பொறியைக் கம்பியால் திசைவியோடு இணைத்துவிடுவதே அதற்குரிய வழி.